காம் என்பது 'உழஅ' ஆன கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததைப் பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கணினியை எடைக்குப் போட வேண்டாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டால் எல்லா வேலையும் நடக்கும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். எடைக்குப் போட வேண்டாம் என்பது சரி. 'எல்லா வேலையும்' என்ற இடத்தில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் சிவகாசிக்காரன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ்த் தட்டச்சு லோயர் தேர்வில் தேறி, அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டராகச் சேர்ந்து, பத்து ஆண்டுகள் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துவிட்டு, பிறகு வலைத்தள வடிவமைப்புக்கு வந்தவன். என் கணினி 2016-இல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. ஒரு பழுதும் இல்லாத கணினி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் வேறு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐ நிறுவிக்கொண்டேன். நிறுவுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வகையில் கட்டுரையாளர் சொன்னது உண்மை.

முதலில் கைகள்தான் கேட்கவில்லை. போட்டோஷாப் லினக்ஸில் ஓடாது. அதற்குப் பதில் கிம்ப் என்ற இலவச மென்பொருள். படத்தின் அளவை மாற்ற கன்ட்ரோலும் டி-யும் அழுத்துவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. கிம்ப்பில் அதை அழுத்தினால் அளவு மாறாது, தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு மறைந்துவிடும். தேர்வே போய்விட்டது என்று நினைத்து மறுபடி தேர்ந்தெடுப்பேன். இப்படியே ஒரு காலை போனது. படத்தைச் சேமித்தால் கிம்ப்புக்கு மட்டுமே உரிய கோப்பு வகையில்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் 'ஏற்றுமதி' என்று தனியாகக் கேட்க வேண்டும். இதெல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது, இப்போது குறையாகத் தோன்றவில்லை. லோகோ வரையும் கோரல் டிராதான் இன்னும் உறுத்துகிறது. சிவகாசியில் லோகோ கேட்டால் கோரல் கோப்புதான் கைக்கு வரும். லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் அதைத் திறக்கும், ஆனால் எழுத்துகளைக் கர்வாக, அதாவது வெறும் வரைகோடுகளாக, மாற்றாமல் அனுப்பியிருந்தால் கடையின் பெயர் கலைந்து கிடக்கும். மறுபடி அச்சகத்துக்குப் போன் போட்டு, "அண்ணே, கர்வ் பண்ணி அனுப்புங்கள்" என்று கெஞ்ச வேண்டும்.

நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று உண்டு. இரண்டாம் நாள், ஒரு காலண்டர் கடைக்காக நான் செய்த பக்கத்தைத் திறந்தேன். பன்னிரண்டு மாதிரிப் படங்களில் நான்கைக் காணவில்லை. கிழிந்த தாள் மாதிரி ஒரு சின்னக் குறி மட்டும் நின்றது. கோப்புறையில் படம் இருக்கிறது, நிரலில் பெயரும் இருக்கிறது. அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தபின் பிடிபட்டது. கேமராவிலிருந்து வந்த கோப்பின் பெயர் பெரிய எழுத்து ஜேபிஜி-யில் முடிகிறது. நிரலில் நான் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

வலைத்தளங்களைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது லினக்ஸில். என் கணினியில் தெரிந்த படம் அங்கே ஏற்றியதும் மறையும்போதெல்லாம், சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். "உங்கள் சர்வர் படத்தைத் தின்கிறது" என்றே ஒருமுறை கத்தினேன். எதிர்முனையில் இருந்த பையன், "கோப்பின் பெயரை மாற்றி ஏற்றிப் பாருங்கள் சார்" என்றார். மாற்றினேன், வந்துவிட்டது. ஏன் வந்தது என்று எட்டு ஆண்டுகளாக நான் கேட்டதே இல்லை.

எழுத்துருவிலும் இதே கதை. என் பக்கங்களில் தமிழுக்கு லதா என்றுதான் எழுதிவைப்பேன். மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குத் தரும் எழுத்துரு அது. மின்ட்டில் லதா இல்லை. இருக்கிற வேறொரு எழுத்துருவை உலாவி எடுத்துக்கொண்டது. அது கொஞ்சம் அகலம். மேல்பட்டையில் 'எங்களைப் பற்றி' ஒரு வரியிலும் 'தொடர்புக்கு' அடுத்த வரியிலுமாக விழுந்து, லோகோவின் மேல் ஏறிக்கொண்டது. எங்கேயோ பார்த்த கோணலாக இருக்கிறதே என்று யோசித்தால், என் மனைவியின் போனில் பார்த்தது. ஆண்ட்ராய்டிலும் லதா கிடையாது, நோட்டோ தமிழ்தான். போனில் அப்படித்தான் தெரியும் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து மெச்சிக்கொண்டிருந்த பக்கம் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறேன். முக்த மலர், ஹிந்த் மதுரை என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன.

இவை என் தவறுகள், திருத்திக்கொண்டேன். நான் மட்டும் திருத்த முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு பள்ளி, தன் வலைத்தளத்துக்கு நாற்பது பக்கம் தமிழில் அனுப்பியது. திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. முகமூடி இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் தெரியும். பழைய விண்டோஸில் பாமினி முதல் வானவில் வரை நூறு எழுத்துருக்கள் குவித்து வைத்திருந்தேன், அதனால் இது என் கண்ணில் உறுத்தவே இல்லை. பத்து ஆண்டுகள் நானே இப்படித்தான் அடித்துத் தள்ளினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாமினியை மின்ட்டிலும் நிறுவிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். நிறுவினால் எனக்குத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது. பள்ளியின் பெயரைத் தமிழில் தேடும் பெற்றோருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. ஆகவே எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியும் போனும் தமிழைத் தமிழாகவே அறியும் எழுத்துக் குறியீட்டுக்கு, கொண்டுவந்தேன். தமிழ் ஒழுங்காக வந்தது. ஆனால் எது தமிழ், எது உண்மையிலேயே ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. பள்ளியின் மின்னஞ்சல் முகவரி 'காம்' என்று முடிய வேண்டும். சி என்பது உ, ஓ என்பது ழ, எம் என்பது அ. முகவரி 'உழஅ' என்று முடிந்திருந்தது. தாளாளர் போனில், "உழவர் சந்தைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். ஆசிரியர்களின் பட்டங்கள், வாகன எண்கள் எல்லாம் இதே கதிதான். நாற்பது பக்கத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்த மூன்று நாள் ஆயிற்று. அதற்குக் கூலி கேட்கவும் முடியவில்லை. "தமிழில் அடித்துத்தானே கொடுத்தோம்" என்கிறார்கள்.

யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று பத்தாம் வகுப்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். டி.டி.பி. ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் விரலுக்குப் பழகிய விசைப்பலகை அது, வயிற்றுப்பாடு. விசைப்பலகையை மாற்றவும் தேவையில்லை என்பதை மட்டும் சொல்வேன். என் மின்ட்டில் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பும் இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கிறது. லோயர் தேறிய இந்த விரல்கள் அதே இடத்தில்தான் தட்டுகின்றன, திரையில் விழுவது யூனிகோடு. இந்தக் கடிதமும் அப்படி அடித்ததுதான்.

பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் கடைக்காரர்களும் காசு கொடுத்து அடித்து வாங்கும்போது ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நம் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து, உங்கள் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் தமிழாகத் தெரிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஜே, கே, பி என்று தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வலைத்தள வடிவமைப்பாளர் ஒருவர்,
திருத்தங்கல், சிவகாசி.