பின்பக்கக் கதவும் மச்சானின் சாவியும்

பெங்களூரு, ஞாயிறு மதியம்

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியே. நீ அனுப்பிய முறுக்கு பொடியாக வந்து சேர்ந்தது. கூரியர்காரனைத் திட்டிக்கொண்டே ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம். இத்தனை மாதம் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. யூனிபார்ம் சீசன் முடியும்வரை எனக்கு என் பேரே மறந்துவிடும்.

சரி, விஷயம் இதுதான். எங்கள் தையல் யூனிட்டில் தீப்பிடித்தது. பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் உருகி, கீழே அடுக்கியிருந்த பாலியஸ்டர் துணிக்கட்டில் தீ பிடித்துக்கொண்டது. கட்டிங் மாஸ்டர் மெயினை அணைத்துவிட்டு, சுவரில் தொங்கிய சிவப்பு சிலிண்டரை எடுத்து அடித்தார். தீ அணைந்தது. ஆனால் புகை இருக்கிறதே, அது வேறு கணக்கு. எரிந்தது ஒரு கட்டுத் துணிதான். அதற்குள் ஹால் முழுக்கக் கறுத்து, பக்கத்து மெஷினில் இருந்தவள் முகம் தெரியவில்லை. தொண்டையில் மிளகாய் வறுத்த மாதிரி ஒரு காந்தல். முன்படிக்குப் போக அயர்ன் டேபிளைத் தாண்ட வேண்டும். அதனால் எல்லோரும் பின்பக்கக் கதவுக்கு ஓடினோம். பெரிய பூட்டு. சாவி முதலாளியின் மச்சானிடம், மச்சான் டீக்கடையில். அவர் எப்போது டீக்கடையில் இல்லை என்று கேள்.

இதில் இன்னொன்று. பூட்டே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. அது உள்பக்கமாகத் திறப்பது. இருபது பெண்கள் பின்னாலிருந்து நெருக்கும்போது முன்னால் நிற்பவள் எப்படி அதைத் தன் பக்கம் இழுப்பாள்? நானே முன்னால் நின்றேன். என் முதுகில் கை வைத்துத் தள்ளியவள், உனக்குத் தெரியுமே, கல்யாண வீட்டில் உன் பட்டுப்புடவையில் பாயசம் கொட்டினவள்தான். அவளுக்கு நிதானம் எந்த ஜென்மத்தில் வரப்போகிறது!

ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் புகை கலைந்த பிறகு முதலாளியிடம் கேட்டேன், ஏன் பூட்டுகிறீர்கள் என்று. அவர் சொன்ன பதில்: பின்படி வழியாகத் துணி போகிறது, பண்டில் கணக்கு இடிக்கிறது. மனுஷன் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார். ஆனால் இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று ராத்திரி தூக்கம் வராமல் பெரியவனிடம் போனை வாங்கிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

1911 மார்ச்சில் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்று ஒரு சட்டைத் தொழிற்சாலை. நம்மைப் போலத் தையல் மெஷின், துணிக்கட்டு. வேலை செய்தவர்களில் பெரும்பாலும் பிழைக்க வந்த பெண் பிள்ளைகள். துணி திருடுவார்கள் என்று ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவைப் பூட்டி, போகும்போது பையைச் சோதித்து ஒரே வழியாக அனுப்புவார்களாம். தீப்பிடித்தபோது அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது. 146 பேர் செத்துப்போனார்கள், பலர் ஜன்னலிலிருந்து குதித்து. முதலாளிகள் இரண்டு பேரும் வழக்கில் விடுதலை. அவர்களில் ஒருவர் 1913-இல் வேலை நேரத்தில் திரும்பவும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் எவ்வளவு தெரியுமா? 20 டாலர். இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நியூயார்க் எதற்கு, இதே ஊரில் 2010 பிப்ரவரியில் கார்ல்டன் டவர்ஸ் என்ற ஆபீஸ் கட்டடம் எரியவில்லையா? நீகூட அன்றைக்கு போன் போட்டு, "நீ ஏர்போர்ட் ரோடு பக்கம் இல்லையேடி?" என்று அழுதாயே. ஒன்பது பேர் போனார்கள். மூச்சு முட்டி, கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்களும் அதில் உண்டு.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவசர வழிக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும், ஒரு மீட்டர் அகலமாவது வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பிலேயே இருக்கிறது என்றேன். தலையாட்டினார். அந்த வாரமே கதவைத் திருப்பி மாட்டி, பூட்டை எடுத்துவிட்டு, மேக்னட் லாக் போட்டார். விரல் வைத்தால் திறக்குமாம். மச்சானுக்கு ஒரே பெருமை, ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி.

அந்த மேக்னட் கால் டன் இழுவையைத் தாங்கும். யார் தள்ளித் திறப்பது? மாட்ட வந்த பையனிடம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்றேன். "தானா விட்டுடும் மேடம்" என்றான். அவன் சொன்னது சரிதான், கரண்ட் இல்லாவிட்டால் காந்தம் இல்லை. நான் சும்மா இருப்பேனா? போய் மெயினை அணைத்தேன். லைட் போச்சு, ஃபேன் போச்சு, கதவு மட்டும் அசையவில்லை. கேமராவோடு சேர்த்து அதையும் யூபிஎஸ்ஸில் கொடுத்திருக்கிறார்கள்! தீப்பிடித்து நாங்கள் மெயினை அணைத்தால், பேட்டரி தீரும்வரை எங்களை உள்ளேயே பத்திரமாக வைத்திருக்கும். டெய்லர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு கம்பி. உடம்பு மோதினாலே தாழ் விலகிவிடும், வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. கூடவே ஓர் அலாரம், கதவு திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். துணி திருடுகிறவள் இத்தனை சத்தத்தோடு போவாளா என்றேன். அதைக் கேட்டுத்தான் மனுஷன் மசிந்தார், 146 பேரைக் கேட்டு அல்ல. வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்கள். படியில் கிடக்கும் வேஸ்ட் மூட்டைகளை எடுக்கச் சொல்லி மச்சானோடு சண்டை இன்னும் நடக்கிறது. கீழே படி முடியும் இடத்தில் வீட்டு ஓனர் தன் பைக்கை நிறுத்துவது அடுத்த சண்டை.

இப்போது உன் விஷயம். ஹாஸ்டலில் ராத்திரி ஒன்பதரைக்கு கிரில் கேட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். பூட்டாதே என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் நீ தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டாய், அது எனக்குத் தெரியும். உன் அறை இருப்பது மாடிக் கடைசியில். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. சமையலறை அந்த கேட்டுக்குப் பக்கத்திலேயே. நான் வந்து தங்கியபோது பார்த்ததுதானே!

பின்னால் துணி துவைக்கும் பக்கம் ஒரு கதவு இருந்ததே, அது திறக்கிறதா? இன்றைக்கே போய்த் திறந்து பார். உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கிற தாழாக மாற்ற என்ன ஆகும் என்று உங்கள் செயலாளரிடம் கேள். அவர் முனகினால் அலாரம் கதையைச் சொல், பிள்ளைகள் ராத்திரி நழுவினாலும் மணியடித்துக் காட்டிக்கொடுக்கும் என்று. அந்த ஆளுக்கு அதுதான் பிடிக்கும்.

திறந்ததா இல்லையா என்று பதில் போடு. முறுக்கு அப்புறம் அனுப்பலாம்.

உன்
கலா