செயலாளர் பொறுப்பை ஏற்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து படியேற முடிகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளுக்கு வேலை நிரந்தரமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். கடையை இப்போது பெரியவன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய்க் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன். மிச்ச நேரமெல்லாம் வர்த்தகர் சங்க வேலைதான். அதனால் உன் கேள்வியைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

உங்கள் புறநகர் வர்த்தக சபைக்கு உன்னைச் செயலாளராக வரச் சொல்கிறார்கள். "ஆண்டு விழா நடத்திப் படம் எடுத்துக்கொள்வதைத் தவிர இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. இருந்தாலும் ஏற்றுக்கொள் என்றுதான் சொல்வேன்.

பழைய வர்த்தக சபைகளைப் பார். பிரான்சின் மார்செய் நகரத்து வியாபாரிகளுக்கு 1599-ல் ஒரு சபை அமைந்தது. நியூயார்க்கில் 1768, கிளாஸ்கோவில் 1783, சென்னையில் 1836. எல்லாமே கப்பல் வந்துபோகும் ஊர்கள். சுங்கம், சரக்குக் கட்டணம், துறைமுக வசதி என்று பேசுவதற்கு அங்கே பெரிய வியாபாரிகள் இருந்தார்கள், அவர்கள் குரலுக்கு எடையும் இருந்தது. புறநகர் அப்படியில்லை. காலையில் பாதிப்பேர் வேலைக்கு வேறெங்கோ கிளம்பிவிடுகிறார்கள். கடைகள் ஒரு நீண்ட சாலையில் சிதறிக் கிடக்கின்றன. சாலை ஒரு துறையிடம், வடிகால் இன்னொரு துறையிடம், பேருந்து மூன்றாவது துறையிடம். சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு உள்ளாட்சி, அந்தப் பக்கம் வேறொன்று. தனிக் கடைக்காரனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. அத்தனை எல்லைகளையும் தாண்டி எல்லாக் கதவுகளையும் தெரிந்து வைத்திருக்கக்கூடிய அமைப்பு அங்கே சபை ஒன்றுதான். அந்த வேலையைச் செய்தால் போதும், விழா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். மாதாந்திரக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்கடை அம்மா ஒருவர் எழுந்து, "எங்கள் வரிசையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டிருக்கிறார்களே, எதற்கு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் விசாரித்தால், வடிகால் போடச் சாலையைத் தோண்டப் போகிறார்கள். அதுவும் விற்பனை சூடுபிடிக்கும் மாதத்தில். தோண்டாதே என்று நாங்கள் சொல்லவில்லை, வடிகால் எங்களுக்கும்தானே வேண்டும். கடைவாசல்களைக் குறித்து ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போனோம். பாதிச் சாலையை முடித்துவிட்டு மறுபாதியைத் தொடங்குங்கள், ஒவ்வொரு வாசலுக்கும் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போடுங்கள், எந்த வாரம் எந்தப் பகுதி என்று எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டோம். தகடும் அறிவிப்பும் கிடைத்தன, பாதிப்பாதி வேலை மட்டும் ஓரளவுக்குத்தான் நடந்தது. கோடு போட்ட அன்றே தெரிந்ததால் இவ்வளவாவது முடிந்தது. ஜேசிபி வந்து நின்ற பிறகு கொடுக்கும் மனுவுக்கு ரசீதுதான் கிடைக்கும். ஆகவே செயலாளரின் முதல் வேலை எது என்றால், திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டு உறுப்பினர்களிடம் சொல்வது.

சந்தா வசூலாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. அறுபதுகளில் பெரிய வணிக வளாகங்கள் வந்தன. மேலே டிராம் ஓடிய தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் வந்தது. கடைகளைப் பார்த்துக்கொண்டே போன கூட்டம் பூமிக்கு அடியில் போய்விட்டது. விளக்கு, செடித்தொட்டி, விளம்பரம் என்று தெருவைச் சீர்படுத்த வியாபாரிகள் நினைத்தார்கள். ஆனால் சிலர் பணம் கொடுக்க, எல்லோரும் பலனை அனுபவிக்கும் நிலை. அதனால் அந்தப் பகுதியில் தொழில் செய்யும் எல்லோரும் பங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டமே கேட்டு வாங்கினார்கள். 1970-ல் அந்த முறை தொடங்கியது, பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஜெர்மனியில் வர்த்தக சபையில் உறுப்பினராவதே சட்டப்படி கட்டாயம். அதை எதிர்த்து வழக்குப் போனபோது, 2017-ல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விருப்பம் உள்ளவர்கள் மட்டும்தான் சேர்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது விருப்பச் சந்தாதான். ஒவ்வொரு வருஷமும் கடை கடையாகப் போய் "போன வருஷம் உங்களுக்கு என்ன செய்தோம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தக் கட்டாயம் சங்கத்தைத் தூங்கவிடாது. ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, கவனமாகக் கேள். வசூல் குறையும்போது பெரிய நிறுவனம் ஒன்று வந்து பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்னும். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த வருஷம் செயற்குழுவில் அவர்கள் ஆள் இருப்பார். அதற்கடுத்த வருஷம் பார்க்கிங் பற்றிய தீர்மானம் அவர்கள் வாசலுக்குத் தோதாக இருக்கும். அப்புறம் சின்னக் கடைக்காரர் கூட்டத்துக்கு வரமாட்டார். எவ்வளவு கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான் என்பது விதியில் இருந்தே ஆக வேண்டும். அதேபோலத் தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கேள்வி கேட்கலாம், யாருக்கும் ஆதரவு என்று சங்கத்தின் பெயரில் அறிக்கை போகக் கூடாது. ஆட்சி மாறினாலும் மனு கொடுக்க நாம்தானே போக வேண்டும்?

பார்க்கிங் என்றதும் இன்னொன்று. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கடைக்காரர்களிடம் கேட்டபோது, வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகச் சொன்னார்களாம். வாடிக்கையாளர்களையே கேட்டுப் பார்த்தால் 22 சதவீதம்தான். மற்றவர்களில் நடந்து வந்தவர்களே நிறைய. ஆகவே கார் நிறுத்தும் இடத்தை எடுத்து நடைபாதையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றதும் எதிர்ப்புத் தீர்மானம் போட்டுவிடாதே. ஒரு வாரம் கடைவாசலில் ஆள் நிறுத்தி, எப்படி வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டு எழுது. நம் ஆட்களின் எண்ணம் தப்பு என்று தெரிந்தால் அதை அவர்களிடமே சொல்வதும் சபையின் பொறுப்புதான். செயலாளராக எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அதுதான், மிகப் பயன்பட்டதும் அதுதான்.

ஏற்றுமதி செய்யும் சின்னப் பட்டறைகள் உங்கள் பக்கம் உண்டென்றால், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்றிதழை வழங்கும் அதிகாரம் உங்கள் சபைக்கு உண்டா என்று கேட்டுப் பார். 1923-ல் ஜெனீவாவில் ஆன சுங்க ஒப்பந்தத்திலிருந்தே வர்த்தக சபைகளுக்கு இந்த வேலையில் இடம் உண்டு. அதிகாரம் இல்லாவிட்டாலும், அது உள்ள சபையோடு பேசி விண்ணப்பத்தை உங்கள் ஊரிலேயே வாங்கி அனுப்ப ஏற்பாடு செய்தால், பட்டறைக்காரர்களுக்கு நகரத்துக்கு அலைகிற ஒரு நாள் மிச்சம்.

பதில் சொல்வதற்கு முன் அவர்களிடம் சங்க விதிகளின் நகலையும் கடைசி மூன்று வருஷ வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கு. தயங்காமல் கொடுத்தால் நல்ல அறிகுறி. எனக்கும் ஒரு படி அனுப்பு. வாக்குரிமை பற்றிய விதியையும் பதவிக்கால விதியையும் நான் படித்துவிட்டுப் பென்சிலால் குறித்து அனுப்புகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் ராமு