ஃப்ளூட்டியா, ஜான்சனா: தவறு நடந்த நாள் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி வாசகர்கள் சில வாரங்களாக எழுதிவரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். 2000ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் நாஷ்வில் நகரில் டென்னசி டைட்டன்ஸ் அணியுடன் நடந்த பிளேஆஃப் (தோற்ற அணி வெளியேறும் பருவ இறுதிச் சுற்று) ஆட்டத்தில், பருவம் முழுவதும் அணியை நடத்திவந்த டக் ஃப்ளூட்டியை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு ராப் ஜான்சனைக் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, இறக்கியது சரியா தவறா என்பதே பேச்சு. அந்த ஆட்டத்தில் பில்ஸ் தோற்றது. ஒரு வாசகர், அந்த ஒரு முடிவால்தான் பில்ஸ் அணி அடுத்த 17 பருவங்களும் பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை, அது ஃப்ளூட்டியின் சாபம் என்கிறார். மற்றொருவர், ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கும்போது அணி முன்னிலையில் இருந்தது, அதன் பிறகு நடந்ததற்கு ஜான்சன் பொறுப்பல்லர், ஆகவே பயிற்றுநர் வேட் ஃபிலிப்ஸின் தேர்வு சரியே என்கிறார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. சனிக்கிழமை ஸ்கோர் பலகையில் நின்ற எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குச் சில நாள் முன்னதாக, அந்த எண்கள் எவருக்கும் தெரியாதபோது எடுத்த முடிவை இருவரும் எடைபோடுகிறார்கள்.

ஒரு தேர்வு நல்லதா கெட்டதா என்பதை, தேர்ந்தெடுத்தவர் கையில் அன்றைக்கு என்ன இருந்தது என்பதைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், பில்ஸ் அந்த ஆட்டத்தில் வென்றிருந்தாலும்கூட அந்தத் தேர்வு தவறே என்பது என் கருத்து.

ரொறன்ரோவில் இருக்கும் நமக்கு ஃப்ளூட்டி பஃபலோவுக்குப் போன பிறகு அறிமுகமானவர் அல்லர். 1996லும் 1997லும் ஆர்கொனாட்ஸ் அணிக்குக் கனடியக் கால்பந்தின் கிரே கிண்ணத்தை வென்று தந்தவர் அவர். 1996 இறுதியாட்டம் ஹாமில்டனில் கொட்டும் பனியில் நடந்தது. மைதானத்தின் கோடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்தடி பத்து அங்குலம் மட்டுமே உயரமான அந்த மனிதர், தம்மைவிட ஒரு தலை உயர்ந்தவர்கள் வளைத்து நிற்க, அவர்களுக்கு நடுவே நழுவி ஓடி எட்மன்டன் அணியை 43க்கு 37 என்று வீழ்த்தியதைப் பார்த்துத்தான், இந்த நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகாத நானும் என் மச்சானும் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டோம். 1998இல் அவர் பில்ஸ் அணிக்குச் சென்றபோது எங்கள் அன்பும் நாட்டின் எல்லையிலுள்ள பீஸ் பாலத்தைக் கடந்து அவரோடு போயிற்று. அவர் பெயரில் பஃபலோவில் விற்ற தானிய உணவுப் பெட்டி ஒன்றை நண்பர் ஒருவர் வாங்கி வந்தார். அதன் வருமானத்தில் ஒரு பங்கு ஃப்ளூட்டி தம் மகன் பெயரில் தொடங்கிய ஆட்டிசம் அறக்கட்டளைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, உண்டு முடித்த பின்னும் அந்தப் பெட்டியை எறிய மனமில்லாமல் நெடுநாள் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தோம். இவ்வளவு பற்றுள்ள ஒருவன் எழுதுவதால் இதை ஒருதலைப் பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே, ஃப்ளூட்டிக்கு எதிரான பக்கத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பில்ஸ் அணி ஃப்ளூட்டியை மாற்று ஆட்டக்காரராகத்தான் எடுத்தது. அணியின் எதிர்காலம் என்று அவர்கள் நம்பியது ஜான்சனை. அவரை ஜாக்சன்வில் அணியிடமிருந்து பெறுவதற்காக புதிய ஆட்டக்காரர்களை எடுப்பதில் தங்களுக்கிருந்த முதல் சுற்று உரிமையையே விட்டுக்கொடுத்தார்கள், ஐந்தாண்டுக்கு 2.5 கோடி டொலர் ஒப்பந்தமும் போட்டார்கள். 1998இல் ஜான்சன் காயப்பட்டபோது ஃப்ளூட்டி களமிறங்கி, தாம் தொடங்கிய பத்து ஆட்டங்களில் ஏழை வென்று அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுசென்றார். ஆனால் அந்தப் பிளேஆஃப் ஆட்டத்தில், மயாமியில், 24க்கு 17 என்ற நிலையில் கடைசிக் கட்டத்தில் எதிரணியின் எல்லைக்கு மிக அருகில் பந்தைத் தவறவிட்டவரும் அவரேதான். 1999 பருவத்தில் அவருக்கு வயது 37. அந்த ஆண்டு அவர் எறிந்த டச்டவுன்கள், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி பெற்றவை, 19. எதிரணி கைக்குப் போன எறிதல்கள் 16. முந்தைய ஆண்டின் கூர்மை குறைந்திருந்தது என்பதை அவருடைய அன்பர்களே மறுக்க மாட்டார்கள். ஆகையால், மாற்றத்தைப் பற்றி நினைத்ததற்காக மட்டும் பயிற்றுநரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மாற்றத்துக்கு அவர் காட்டிய ஆதாரம் என்ன? அந்தப் பருவத்தில் ஃப்ளூட்டி தொடங்கிய 15 ஆட்டங்களில் 10 வெற்றி, 5 தோல்வி. பிளேஆஃப் இடம் உறுதியான பிறகு, கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஜனவரி 2ஆம் நாள் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு எதிராக ஜான்சனை இறக்கினார்கள். ஜான்சன் 32 எறிதல்களில் 24ஐச் சரியாகச் சேர்த்து 287 யார்டும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். பில்ஸ் 31க்கு 6 என்று வென்றது. அழகான ஆட்டம்தான். ஆனால் எதிரில் நின்ற கோல்ட்ஸ் அணி தன் பிரிவின் முதலிடத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குத் தன் ஆட்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தது. இழப்பதற்கு எதுவுமில்லாத ஒரு பகலில் கிடைத்த அந்த ஒரு வெற்றி, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டங்களுக்காக 15 வாரம் உழைத்துச் சேர்த்ததைவிடக் கனமாகிவிட்டது. பிழை அங்கேதான் இருக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, இருவருடைய ஆட்டமுறையும் எதிரணியின் தன்மையும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்தின என்பது. ஜான்சனின் கை வலிமையானது, எறிதல் நேரானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருப்பார். எறிவதற்குள் எதிரணியினர் வந்து குவாட்டர்பேக்கை மண்ணில் வீழ்த்துவதைச் சாக் என்பார்கள். 1998இல் அவர் எறிந்தது 107 முறைதான். அதற்குள் 29 முறை சாக் ஆகியிருந்தார். மறுபக்கம் டென்னசி அணியில் ஜெவான் கியர்ஸ் என்ற இளைஞர், முதல் பருவத்திலேயே 14.5 சாக் எடுத்துப் புதுமுக ஆட்டக்காரர்களில் சாதனை படைத்திருந்தார். அந்த ஆண்டு டைட்டன்ஸ் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்கவில்லை. அங்கே எழும் கூச்சலில் தாக்குதல் வரிசையினருக்குக் குவாட்டர்பேக்கின் குரலே கேட்காது. துரத்துபவர்களிடமிருந்து தப்பி ஓடுவதையே தம் வாழ்நாள் கலையாக வைத்திருந்த ஒருவரை உட்கார வைத்துவிட்டு, நின்ற இடத்தில் நின்று எறிபவரை அந்த மைதானத்துக்கு அனுப்பினார்கள். இதைச் சொல்ல ஸ்கோர் பலகையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த வாரமே எல்லோர் கண்முன்னும் இருந்த செய்தி இது.

அஞ்சியபடியே நடந்தது. ஜான்சன் ஆறு முறை வீழ்த்தப்பட்டார். 22 எறிதல்களில் சேர்ந்தவை 10. கிடைத்தது 131 யார்டு. இரண்டாம் கால்பகுதியில் தம் அணியின் எல்லைக்குள்ளேயே கியர்ஸிடம் சிக்கினார். அதனால் டைட்டன்ஸுக்கு சேஃப்டி என்ற வகையில் 2 புள்ளிகள் கிடைத்தன. விதிப்படி பந்தும் மறுபடி அவர்களிடமே போய், சில நிமிடங்களில் ஸ்டீவ் மக்நேர் டச்டவுன் அடித்தார். ஒரு சாக் ஒன்பது புள்ளிகளாயிற்று. அந்த ஆண்டு யார்டுக் கணக்கில் லீகிலேயே முதலிடத்தில் இருந்த பில்ஸ் தற்காப்பு வரிசை, புரூஸ் ஸ்மித் போன்றவர்களை வைத்துக்கொண்டு பிற்பாதி முழுவதும் டைட்டன்ஸை மூன்று புள்ளிக்குள் அடக்கியிருந்தது. கடைசி விநாடிகளைத் தவிர. அப்படிப்பட்ட தற்காப்பு வரிசை உள்ள அணிக்குக் குவாட்டர்பேக்கிடமிருந்து வேண்டியது புள்ளிகளைத் தானமாகக் கொடுக்காமல் இருப்பது ஒன்றே.

இப்போது அந்தக் கடைசி விநாடிகளுக்கு வருகிறேன். சாபம் என்று எழுதிய வாசகருக்கு என் பதில் இதுதான்: அந்த உதைக்கும் குவாட்டர்பேக் தேர்வுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ஸ்டீவ் கிறிஸ்டி 41 யார்டிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து, ஃபீல்டு கோல் அடித்து 16க்கு 15 என்று பில்ஸை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அடுத்து அவர் குட்டையாக உதைத்த பந்தை லாரன்ஸோ நீல் பிடித்து ஃபிராங்க் வைச்செக்கிடம் கொடுத்தார். வைச்செக் மைதானத்தின் குறுக்கே மறுபக்கத்துக்கு எறிந்தார். அதைப் பிடித்த கெவின் டைசன் தடுப்பாரற்று 75 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். அந்த எறிதல் முன்னோக்கிப் போனதா என்று நடுவர் ஃபில் லக்கெட் ஒளிப்பதிவை நெடுநேரம் பார்த்துவிட்டு, செல்லும் என்றார். பஃபலோவில் இன்றுவரை பலர் அதை ஏற்பதில்லை. என் கண்ணுக்கு அது ஒரே கோட்டில் போனதாகவே பட்டது. பட்டதைச் சொன்னதற்காக அன்று மச்சான் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எப்படியிருந்தாலும், ஒரு பக்கமாகக் குவிந்து ஓடி மறுபக்கத்தைக் காலியாக விட்டது, உதைத்த பந்தைப் பிடித்து ஓடுபவரைத் தடுக்க வேண்டிய குழுவின் குற்றம். அதற்காக அந்தக் குழுவின் பயிற்றுநர் புரூஸ் டிஹேவன் வேலையை இழந்தார். ஃப்ளூட்டியே 60 நிமிடமும் ஆடியிருந்தாலும் அந்த உதைக்கு அவர் ஓரத்தில்தான் நின்றிருப்பார். அடுத்த 17 பருவங்களின் வறட்சிக்கும் அந்தச் சனிக்கிழமையைக் காரணம் காட்டினால், அதற்குப் பின் ஆண்டுதோறும் அணியை நடத்தியவர்கள் செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கொடுத்ததாகிவிடும்.

தேர்வு ஃபிலிப்ஸுடையது அன்று, உரிமையாளர் ரால்ஃப் வில்சனின் கட்டளை என்று அக்காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். அன்று அதைத் தம் முடிவென்றே சொன்ன ஃபிலிப்ஸ், பல ஆண்டுகள் கழித்து உரிமையாளரின் சொற்படி நடந்ததாகத் தெரிவித்தார். அப்படியானால் 2.5 கோடி டொலரின் கனமும் அந்தத் தராசில் ஏறியிருக்கிறது என்பது விளங்குகிறது. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற எண்ணம் வீட்டுக்கு ஒரு சோபா வாங்கியவருக்கும் வருவதுதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள், ஒரு பருவம் முழுவதும் ஃப்ளூட்டிக்குப் பின்னால் ஓடி உழைத்த மற்ற ஆட்டக்காரர்கள். பில்ஸின் பெருமைக்குரிய காலத்தைச் சேர்ந்த தர்மன் தாமஸ், ஆண்ட்ரே ரீட், புரூஸ் ஸ்மித் மூவரையும் அடுத்த மாதமே அணி விடுவித்துவிட்டது. பில்ஸ் சீருடையில் அவர்களுக்குக் கிடைத்த கடைசி ஆட்டம் அதுவாயிற்று.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சில வாசகர்கள் ஜான்சனைப் பற்றி எழுதியிருக்கும் சொற்கள் எனக்கு வேதனை தருகின்றன. அவரைத் தேர்ந்தெடுத்தது தவறென்று இவ்வளவு நீளமாக எழுதிய நானே சொல்கிறேன், அவர் அந்த வாய்ப்பைத் திருடவில்லை. இறங்கு என்றார்கள், இறங்கினார். 15க்கு 13 என்று பின்தங்கி, ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமையும் தீர்ந்த நிலையில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அவர் அணியை முன்னெடுத்துச் சென்றதை ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் நின்றபடியே பார்த்தோம். இடையில் அவருடைய சப்பாத்து ஒன்று கழன்று போயிற்று. மாட்டிக்கொள்ள நேரமில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் காலுறையுமாக அவர் பின்வாங்கி நின்று பியர்லெஸ் பிரைஸுக்கு எறிந்தார். பந்து போய்ச் சேர்ந்தது. அன்று காலையிலிருந்து ஜான்சனைத் திட்டிக்கொண்டிருந்த மச்சான், கையிலிருந்த தேநீரை வைக்க இடம் தேடாமல் அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு, இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, "இவன் வெல்லப் போறான்" என்றார். ஜான்சனை வசைபாட எழுதுகோல் எடுப்பவர்கள் அந்த ஒற்றைச் சப்பாத்து எறிதலை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ