முதுகில் இன்னொரு கொம்பு

அன்புள்ள முத்து,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. காரணம் சொன்னாலும் நம்பமாட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி போனில் சொன்னாள். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள், ராத்திரியில் எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்காதே. இங்கே குவாஹாட்டியில் எல்லோரும் சௌக்கியம். கடுகெண்ணெய் வாசம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பையன் காசிரங்காவுக்குக் கூட்டிப்போனான். ஜீப்பிலிருந்து முப்பதடி தூரத்தில் காண்டாமிருகம் புல் மேய்ந்துகொண்டு நின்றது. எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள், நான் முதுகைப் பார்த்தேன். சிரிக்காதே. இல்லை, கொம்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் முதுகிலும் ஒரு கொம்பு வைத்துக் காண்டாமிருகம் போட்டேனே, அப்படி ஒன்று கிடையாது என்று எட்டணா பந்தயம் கட்டினீர்களே, ஐம்பது வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்: நீயும் பரமசிவமும் சொன்னதுதான் சரி. அந்த எட்டணாவை ஊருக்கு வந்ததும் தந்துவிடுகிறேன், வட்டி கேட்காதே.

ஆனால் நான் அதை மனசிலிருந்து போடவில்லை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தில் பார்த்துத்தான் போட்டேன் என்று டிராயிங் சாரிடம் அழுதேனே, அதுவும் நிஜம்தானடா! வீட்டுக்கு வந்து பேத்தியைத் தேடச் சொன்னேன். ரெண்டே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதே மிருகம், அதே இரும்புச்சட்டை, கழுத்துக்குப் பின்னால் அதே குட்டிக் கொம்பு. போட்டவர் ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர், வருஷம் 1515. அந்த மனுஷனும் காண்டாமிருகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை! அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பையன் வாங்கிவைத்திருந்த புத்தகம், பேத்தியின் கம்ப்யூட்டர் என்று இதே வேலையாக இருக்கிறேன். மருமகள் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

கதையைக் கேள். மிருகம் குஜராத்துக்காரது. போர்த்துகீசிய கவர்னர் அல்புகெர்க், டையூவில் கோட்டை கட்ட இடம் கேட்டு சுல்தான் இரண்டாம் முசாபருக்கு ஆள் அனுப்பினார். சுல்தான் இடம் தரவில்லை, சமாதானத்துக்குக் காண்டாமிருகத்தைக் கொடுத்தனுப்பினார். பெண் கேட்டுப் போனவனுக்கு வெற்றிலைப் பாக்கு கொடுத்து அனுப்பின மாதிரி. இதைக் கோவாவில் வைத்துத் தீனி போடுவது யார்? 1515 ஜனவரியில் மசாலாச் சரக்குக் கப்பலில் ஏற்றிப் போர்ச்சுகல் ராஜா மனுவேலுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு மாதக் கடல் பயணம், மே 20-இல் லிஸ்பன். ரோமாபுரி ராஜ்ஜியம் போன பிறகு ஐரோப்பா உயிரோடு பார்த்த முதல் காண்டாமிருகம் அது. அங்கே அதைக் 'கண்டா' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் 3-இல் ஒரு யானைக்கு எதிரே நிறுத்தினார்கள், சண்டை பார்க்க. யானை ஓடிவிட்டது. (நம்ம கோயில் யானை வெடிச்சத்தத்துக்கு ஓடினதும், பரமசிவம் தேர்ச் சக்கரத்துக்கு அடியில் போனதும் ஞாபகம் வந்தது.)

சரி, லிஸ்பனில் நடந்தது நியூரம்பர்க்குக்கு எப்படித் தெரியும்? மிளகுதான் காரணம். நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க் வியாபாரிகள் போர்த்துகீசியக் கப்பல்களில் பணம் போட்டிருந்தார்கள். எந்தக் கப்பல் வந்தது, என்ன இறங்கியது என்று லிஸ்பனிலிருந்து அவர்களுக்குக் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போன ஒரு கடிதமும் ஒரு கோட்டுப்படமும் டியூரர் கைக்குக் கிடைத்தன. அவ்வளவுதான் ஆதாரம். அதை வைத்துக்கொண்டு தோல் மடிப்பைத் தகடாக்கினார், ஓரத்துக்கு ஆணி அடித்த மாதிரி புள்ளி வைத்தார், காலுக்குச் செதில் போட்டார். நியூரம்பர்க் கவசம் செய்வதற்குப் பேர்போன ஊர். கண்ணுக்குப் பழகியதுதானே கையில் வரும். ஆனால் இதையும் சொல்லவேண்டும்: காசிரங்காவில் அது திரும்பி நின்றபோது தோள் மடிப்பும் தொடையில் இருந்த பொட்டுப்பொட்டான முடிச்சுகளும் நிஜமாகவே தகடு வைத்துத் தைத்த மாதிரிதான் இருந்தன. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று இருந்தது.

உனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். செப்புத்தகட்டில் செதுக்குவதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருந்தும் இதற்கு மரக்கட்டையைத்தான் எடுத்தார். ஏன் என்று அச்சாபீஸ் நடத்திய உனக்கு நான் சொல்லவேண்டாம். தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும், அதற்குத் தனி மிஷின் வேண்டும், சில நூறு பிரதியிலேயே கோடு மங்கிப்போகும். கட்டையில் மை மேட்டில் நிற்கும். ஈய எழுத்தோடு சேர்த்து முடுக்கி ஒரே அடியில் படமும் செய்தியும் அடித்துவிடலாம், ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். படத்துக்கு மேலே ஐந்து வரி செய்தி. அதில் வருஷம் 1513 என்று தப்பாக இருக்கிறது! ப்ரூஃப் பார்க்காமல் அடிப்பது நீ ஆரம்பித்துவைத்த வழக்கம் இல்லை போலிருக்கிறது. டியூரர் உயிரோடு இருந்தபோதே நாலாயிரம், ஐயாயிரம் பிரதி போயிருக்கும் என்கிறார்கள்.

என் மனசை அறுப்பது வேறொன்று. அதே 1515-இல் ஆக்ஸ்பர்க்கில் ஹான்ஸ் புர்க்மயர் என்பவரும் இதே காண்டாமிருகத்தைக் கட்டையில் போட்டார். அவரும் மிருகத்தைப் பார்த்தவரில்லை, ஆனால் படம் இன்னும் உண்மையாக இருக்கிறது. முதுகில் கொம்பு இல்லை. முன்னங்காலைக் கயிற்றால் பிணைத்திருப்பதைக்கூடப் போட்டிருக்கிறார். உலகத்தில் அதற்கு மிச்சம் ஒரே ஒரு பிரதி, வியன்னாவில். கொம்பு வைத்த படமோ இருநூறு வருஷத்துக்கு மேல் புத்தகம் புத்தகமாகப் போய், கடைசியில் என் எட்டணாவையும் பறித்தது. அச்சு வந்ததால் உலகத்துக்கு அறிவு வந்தது என்று நீயும் நானும் எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்! தப்பும் அதே மிஷினில்தானே வந்திருக்கிறது. கோபம் வருகிறது. ஆனால் ரெண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை டியூரருடையதைத்தான் எடுக்கிறது. என்ன செய்யச் சொல்கிறாய்?

மிருகம் என்ன ஆனது என்று கேட்பாய். ராஜா அதைப் போப் பத்தாம் லியோவுக்குப் பரிசாக அனுப்பினார், கழுத்தில் பச்சை வெல்வெட் பட்டி கட்டி. 1516 தொடக்கத்தில் இத்தாலிக் கரையோரம் புயலில் கப்பல் முழுகியது. காண்டாமிருகம் நன்றாக நீந்தும் முத்து, பிரம்மபுத்திரா வெள்ளத்தில் நீந்திக் கரையேறும் என்று ஜீப் டிரைவரே சொன்னான். அதைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். டியூரர் செத்து நூறு வருஷம் ஆகும்போது அது ஹாலந்தில் இருந்தது. கால் பக்கம் நீளமாக வெடிப்பு, புழு அரித்த ஓட்டை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு அச்சுக்காரர் அதைத் தூக்கிப் போடவில்லை. நிறத்துக்கென்று இன்னொரு கட்டை செதுக்கி, இரண்டையும் மேல்மேல் வைத்து அடித்து விற்றிருக்கிறார்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். உன் டிரெடில் அச்சு மிஷினை எடைக்குப் போட்டாய் என்று கேள்விப்பட்டபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமுடியவில்லை, இந்த நாலு மாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். பரணில் சாக்குப்பையில் உங்கப்பா காலத்து மரக்கட்டைகள் இருந்தனவே, திருவிழா நோட்டீசுக்குப் போடுகிற யானை, தேர், நாதஸ்வரக்காரர். அவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டாயா? போடவில்லையென்றால் பொங்கலுக்கு நான் வரும்வரை யாரிடமும் கொடுக்காதே. மிஷின் இல்லாவிட்டால் என்ன, மை தடவிக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கலாம். வெடித்திருந்தாலும் பரவாயில்லை.

சாக்குப்பை இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி எழுது. எழுதக் கண் இடம் கொடுக்காவிட்டால் தங்கச்சியை விட்டுப் போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
சண்முகம்