மொக்கோ வடிவ ட்சுபாக்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் இயங்கிவரும் நமது சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் இடையே அமரும் காப்புத் தகடான ட்சுபாவில் வட்டம், நீள்வட்டம், சதுரம், இலைகளை ஒத்த அவோய் எனப் பல வடிவங்கள் இருந்தாலும், ஓரம் நான்கு இதழ்களாக வளைந்த மொக்கோவை மட்டுமே இவ்வாண்டு எடுத்துக்கொள்வதெனச் சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. ஆண்டு முழுவதும் ஒரே வடிவமா என்று அன்று சிலர் முகம் சுளித்தார்கள். வடிவத்தை நிலையாக வைத்துக்கொண்ட பிறகுதான் இரும்பின் தரமும், விளிம்பின் தடிப்பும், இதழ்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழமும் நம் கண்ணில் படத் தொடங்கின என்பது என் கருத்து. மொக்கோவிலேயே பள்ளம் பட்டும் படாமலும் உள்ளவை உண்டு, ஆழமாக உள்வாங்கியவை உண்டு, கீழ்ப்புறம் அகன்று ஒதாஃபுகு மொக்கோ என வழங்கப்படுபவையும் உண்டு.

கூட்டங்களில் அதிகம் விவாதிக்கப்பட்டவர் ட்சுபாக் கைவினைஞர் நொபுயியே. முரோமாச்சிக் காலத்தின் இறுதியையும் மொமோயாமாக் காலத்தையும் (ஏறக்குறையப் பதினாறாம் நூற்றாண்டு) ஒட்டி மதிப்பிடப்படும் இந்தப் பெயர் தாங்கிய இரும்புத் தகடுகளில் மொக்கோ அடிக்கடி வருகிறது. வாள் நுழையும் நடுத் துளையை விட்டு விலகி வெட்டிய கையெழுத்து ஒரு வகையாகவும், தடித்த கையெழுத்து மற்றொரு வகையாகவும் இருப்பதால், இப்பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் பணியாற்றினர் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். போலிக் கையெழுத்துகளும் ஏராளம். ஆகவே, பெயரை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாமென உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு பார்த்தவற்றில் என் மனத்தில் நின்றது கையெழுத்தே இல்லாத ஒரு தகடு. உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த அந்த இரும்பு மொக்கோவின் விளிம்பை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தபோது, சுற்றியுள்ள இரும்பைவிடச் சற்றுப் பளபளப்பாக, முண்டும் முடிச்சுமாகத் துருத்தி நிற்கும் தெக்கோட்சு எனும் இரும்பு முடிச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. நடுத் துளையின் இரு முனைகளிலும் துளையை வாளுக்குப் பொருத்தும் செம்புத் துண்டுகள் அடித்துச் செருகப்பட்டு, அவற்றின்மேல் உளித்தடமும் பதிந்திருந்தது; ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களில் அது ஏறி இறங்கியிருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, பழம்பொருள் சந்தையில் வாங்கிய வேறொரு தகட்டின் துளைகளுக்குள் வார்ப்பு அச்சின் கோடு ஓடியது; அது அச்சில் வார்த்த போலி. அதை வாங்கியவரின் பெயரைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

1876-ஆம் ஆண்டு ஆணை பொதுவிடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்தபின், பல வாள்களிலிருந்து ட்சுபாக்கள் தனியே கழற்றி விற்கப்பட்டு, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போன்ற வெளிநாட்டுச் சேகரிப்புகளுக்கும் சென்று சேர்ந்தன. இன்று நமக்குத் தனித் தகடாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அவ்வாறு பிரிந்தவையே. ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகத்திற்கு நாம் மேற்கொண்ட பயணமும், அதனை நடத்தும், 1948-இல் தோன்றிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் வழங்கும் ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ ஆகிய தரச் சான்றுகள் பற்றிய கலந்துரையாடலும் பயனுள்ளவையாக அமைந்தன. சான்றிதழ் வேண்டியதுதான், ஆயினும் தகட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமலே தாளை முதலில் கேட்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவருவது எனக்கு உவப்பாக இல்லை.

பராமரிப்புப் பயிற்சியில், செந்துருவை மான்கொம்புத் துண்டால் மெல்லச் சுரண்டிப் பருத்தித் துணியால் தேய்க்கும் முறை செய்து காட்டப்பட்டது. அமிலமும் இரும்புக் கம்பிச் சுருளும் பல நூற்றாண்டுகளாகப் படிந்த கருமையை ஒரே நாளில் அழித்துவிடும் என்பதால், அவற்றைச் சங்கக் கூடத்திற்குள் கொண்டுவருவதையே செயற்குழு தடைசெய்துள்ளது. தகடுகளைப் பவுலோனியா மரப்பெட்டியில், ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் அவோய் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. சங்க நிதியில் ஒரு மொக்கோவைப் பொதுவில் வாங்கலாம் என்று வந்துள்ள முன்மொழிவை, அதை யார் வீட்டில் வைப்பது என்ற கேள்வியுடன் சேர்த்தே, உங்கள் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.