கிண்ணியா நானாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வெள்ளத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோ அந்த நாட்களில் எங்களைவிட அதிகம் பார்த்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாமல் இருந்தது நாங்கள்தான். எங்கள் வீட்டில் ஆளுக்குச் சேதமில்லை. அம்மா நலமாக இருக்கிறார். நேற்று இரவு வாசிகசாலையில் வெள்ளைச் சீலை கட்டி, அம்மாவின் பழைய புகைப்படங்களைக் கொண்டு செய்த குறும்படத்தைப் போட்டோம். வந்தவர்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துவிட்டது. அதனால் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி மீன் வியாபாரம் செய்யும் கிண்ணியா நானாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பெயர் போட்டால் நாளைக்கு ஊரே ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என் மீன் வாடிக்கு வந்துவிடும், டீச்சர்" என்றார். அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் வடிந்த அன்று அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஆல்பங்களை எடுத்தபோது அவை ஆல்பங்களாகவே இல்லை. வண்ணப் படங்களின் மேலுள்ள ஜெலட்டின் படலம் ஊறிக் களிபோல் இளகியிருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் முகம் கையோடு வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் படங்களை மதிலில் வெயிலுக்குப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து என் பெறாமகள் அழைத்தாள். அவள் அங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவள். "பெரியம்மா, வெயிலில் வைக்காதீர்கள். ஒட்டியிருப்பதை இழுக்காதீர்கள். உடனே பிரித்துக் கழுவ முடியாவிட்டால் பையில் போட்டு உறைய வையுங்கள்" என்றாள். ஈரப் படத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடுமாம். உறைந்துவிட்டால் பூஞ்சணமும் வளராது, படங்கள் மேலும் ஒன்றோடொன்று ஒட்டவும் மாட்டா. பிறகு ஆறுதலாக எடுத்துப் பார்க்கலாம்.

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் குளிர்சாதனப் பெட்டி குசினிக்குள் மல்லாந்து கிடந்தது. ஊரில் பாதிப்பேருக்கு அதே கதை. ஜெனரேட்டரில் உறைபெட்டி ஓடிக்கொண்டிருந்த இடம் மீன் வாடி ஒன்றுதான்.

அந்த மனிதரை எனக்கு முன்பின் தெரியாது. சனிக்கிழமைகளில் அவரிடம் பாரை வாங்கியிருக்கிறேன், விலை பேசியிருக்கிறேன், அவ்வளவே. கடலுக்குப் போக முடியாத நாட்கள். கையில் இருந்த மீனை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓட வேண்டும். டீசலோ கிடைப்பதே பாடு. இந்த நிலையில் நான் போய் நின்று, "நானா, போட்டோ வைக்க இடம் வேண்டும்" என்று கேட்டால் என்ன நினைப்பார்? பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்றுதான் போனேன்.

அவர் நினைத்ததை முகத்தில் காட்டவில்லை. "எத்தனை பை?" என்று மட்டும் கேட்டார். வேலைக்கு நின்ற பையனைக் கூப்பிட்டு, ஒரு பெட்டியில் இருந்த சூரையையும் இறாலையும் ஐஸ் அடித்த மரப்பெட்டிக்கு மாற்றச் சொன்னார். அடித்தட்டைத் துணியால் துடைத்து, மேலே சீனி வந்த பொலித்தீன் உறையொன்றை விரித்து, என் பைகளை ஒன்றின்மேல் ஒன்று பாரம் ஏறாதபடி தன் கையாலேயே அடுக்கினார். மூடியில் சோக்கால் எழுதினார்: "டீச்சரின் படம். கை வைக்காதே." பையன் அதற்குக் கீழே ஒரு மீன் வரைந்து குறுக்கே கோடு போட்டான். மின்சாரம் வந்த பிறகும் அந்த எழுத்தை யாரும் அழிக்கவில்லை. எங்கள் படங்கள் வெளியே வரும்வரை அந்தப் பெட்டிக்குள் ஒரு நெத்தலிகூடப் போகவில்லை. டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டிய பணத்தை அவர் பார்க்கவேயில்லை. அடுத்த வாடிக்கையாளருக்கு மீன் வெட்டத் தொடங்கிவிட்டார்.

பையை மூடியபடியே வைத்துக் குளிர் விடச்செய்து, குளிர்ந்த நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே பார்க்கும்படி வெள்ளைத் துணியில் நிழலில் காயவைத்தோம். எண்பதுகளில் எடுத்த வண்ணப் படங்களில் சில போய்விட்டன. கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய முழுதாகத் தப்பின. பழையதுதான் முதலில் போகும் என்று நினைத்திருந்தோம். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போனவற்றை இழுக்காமல், கண்ணாடிக்கு மேலாகவே படம் பிடித்தோம். எல்லாவற்றிலும் இப்போதும் இலேசாக மீன் வாடை இருக்கிறது. அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது. கடற்கரை ஊர்க்காரருக்கு வேறென்ன வாடை வேண்டும் என்கிறார்.

பெறாமகள்தான் சொன்னாள், படங்களை வெறுமனே ஸ்கேன் செய்து கணினியில் போட்டால் அது இன்னோர் அலுமாரிதான், அம்மம்மாவைப் பேசவையுங்கள் என்று. முதலில் குரல், பிறகு படம் என்பது அவள் வைத்த ஒழுங்கு. அம்மா ஒவ்வொரு படத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அந்தப் பேச்சின் நீளத்துக்குப் படம் திரையில் நின்றது. சாதாரணமாக ஒரு படத்துக்கு ஐந்தாறு விநாடி போதுமாம். அம்மாவுக்கு அது காணாது. கோணேசர் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போன படம் ஒன்று இருக்கிறது, 1963 என்று அம்மப்பா பின்பக்கம் பென்சிலால் எழுதியது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து எழுந்து நின்ற நாள். அம்மாவின் நினைவில் நிற்பதோ கூட்டத்தில் தொலைந்த ஒற்றைச் செருப்பு. அதைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசுகிறார். ஒரு விநாடியையும் வெட்டவில்லை.

இன்னொரு படம் கிண்ணியா பாதையில், அதாவது ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையில், எடுத்தது. கைக்குழந்தையாக நான், குடையோடு அம்மா, பின்னால் தண்ணீர். 2009இல் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் 'பாதை' என்றால் நடக்கிற பாதைதான். படங்களைத் திருப்பி எடுக்கப் போனபோது நானா இதைக் கண்டார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தார். "இது எங்கள் பாதையல்லவா? இந்த இடத்தில்தான் வாப்பா என்னைத் தூக்கி ஏற்றுவார்" என்றார். பாதைக்குக் காத்துநின்ற வரிசை, வீட்டுக்குப் போகும் கடைசிப் பாதையைத் தவறவிட்ட இரவு, எல்லாம் சொன்னார். கைத்தொலைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். மறுத்தார். இரண்டு நாள் கழித்துத் தாமாகவே வீட்டுக்கு வந்து, பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "சரி, எங்கே பேச வேண்டும்?" என்றார். அந்தப் படம் வரும் இடத்தில் அம்மா நிறுத்த, நானா தொடங்குகிறார். நேற்று அதிகம் கைதட்டல் வாங்கியதும் அதுதான். மனைவி பிள்ளைகளோடு பின்வரிசையில் இருந்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். இரவிரவாகத் தொகுத்த பெறாமகள், கூலி வாங்காமல் ஸ்கேன் செய்த கடைக்காரத் தம்பி, தொலைபேசியிலேயே முகங்களுக்குப் பெயர் சொன்ன சென்னை மாமி, சீலையும் கதிரைகளும் தந்த வாசிகசாலைப் பிள்ளைகள், சோறு அனுப்பிய பக்கத்து வளவு, எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். செயற்கை நுண்ணறிவால் அப்பாவின் படத்தைச் சிரிக்க வைத்து அனுப்பிய தம்பிக்கும் நன்றி. அதைப் படத்தில் சேர்க்கவில்லை. அப்பா பல் தெரியச் சிரித்தவர் அல்லர். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யார் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் எங்கள் முன் விறாந்தை திறந்திருக்கும். நனைந்த படம், கிழிந்த படம், பெயர் தெரியாத படம் எதுவானாலும் கொண்டுவாருங்கள். முடிந்தால் அதைப் பற்றிப் பேசக்கூடிய ஒரு மூத்தவரையும் கூட்டிவாருங்கள். பணம் வாங்க மாட்டோம். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று பென்டிரைவில், இன்னொன்று ஊருக்கு வெளியே உள்ள உங்கள் பிள்ளையிடம். மூன்றும் ஒரே அலுமாரியில் இருந்தால் செய்யவே மாட்டேன், இது டீச்சரின் கட்டளை.

கடைசியாக ஓர் உதவி. ஒரு படத்தில் பிரட்றிக் கோட்டைக்குள் மான்களுக்கு முன்னால் அப்பாவோடு ஒருவர் நிற்கிறார்: உயரமானவர், வெள்ளைச் சட்டை, இடது கையில் மடித்த பத்திரிகை. அவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் இருந்தால் சொல்லியனுப்புங்கள், அந்த இடத்தில் குரல் சேர்க்க வேண்டும். குரல் மட்டும்தான் பதிவாகும் என்று எத்தனை முறை சொன்னாலும், அம்மா அதற்கென்று ஒரு நல்ல சேலையை எடுத்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
டீச்சர் வீட்டார்,
உப்புவெளி, திருகோணமலை