பனிக்கட்டிப் படங்களுக்கு விளக்கமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைந்த ஏரிகளின் மேற்பரப்பில் உருவாகும் கோலங்களை அண்மையிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். அவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் “இயற்கை தீட்டிய ஓவியம்” என்ற ஒரு வரியைத் தவிர அப்பக்கத்தில் வேறு விளக்கம் எதுவும் இல்லை. எந்த ஏரி, எந்த மாதம், படத்தில் தெரியும் பரப்பு ஒரு சாண் அளவா ஒரு காத அளவா என்பவற்றுள் ஒன்றையேனும் அறிய வழியில்லை. மூணாறுப் பகுதியில் தமிழ்வழி மாணவர்களுக்கு நெடுங்காலம் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில், இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் அப்பக்கத்தைப் பார்த்த எஸ்டேட் பிள்ளைகள், இது விமானத்திலிருந்து எடுத்த ஆற்றின் படமா, நுண்ணோக்கியில் தெரியும் நரம்பா, அல்லது கணினியில் வரைந்ததா என்று கேட்டார்கள். மூன்று கேள்விகளும் நியாயமானவை.

வெண்ணிறக் குமிழ்கள் அப்பளம் அடுக்கியது போல ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற படத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வகைப் படங்களுக்குப் பெயர்பெற்ற இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள ஆபிரகாம் ஏரி. அது இயற்கை ஏரியன்று. வடக்கு சஸ்காட்சுவான் ஆற்றின் குறுக்கே 1972இல் பிக்ஹார்ன் அணை எழுந்தபோது உண்டான நீர்த்தேக்கம். அடியில் தங்கிய செடிகொடிகளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது மீத்தேன் வாயு வெளிப்பட்டு மேலெழுகிறது. மேலே பனிக்கட்டி மூடியிருப்பதால் அதன் அடிப்பக்கத்தில் தட்டையாகப் பரவி நிற்கிறது. பனிக்கட்டி கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே போகையில் அந்தக் குமிழ் உள்ளே சிறைப்பட, அடுத்து எழும் குமிழ் அதற்குக் கீழே தங்குகிறது. அப்பள்ளத்தாக்கில் வீசும் பலத்த காற்று மேலே விழும் பனியை அடித்துச் சென்றுவிடுவதால்தான் ஒளிப்படக் கலைஞரால் உள்ளே பார்க்க முடிகிறது. மாட்டுப்பெட்டி அணையையும் குண்டளை அணையையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, நீர் தேங்கிய பிறகு அடியில் மூழ்கியவை என்ன ஆகின்றன என்ற கேள்வி இந்தப் படத்திலிருந்தே எழுந்திருக்கும். அதற்கு இரண்டு வரி விளக்கம் போதுமானது.

நடுப்புள்ளி ஒன்றிலிருந்து கருங்கிளைகள் எல்லாத் திசையிலும் பிரிந்தோடிய படம்தான் பிள்ளைகளை மிகவும் குழப்பியது. 4 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி உச்சத்தில் இருப்பதால் ஏரி மேலிருந்தே உறைகிறது என்பதும், பனிக்கட்டிக்கு அடியில் சற்றே வெப்பமான நீர் தங்கி மீன்களைக் காக்கிறது என்பதும் பள்ளிப் பாடத்தில் உள்ளவை. மெல்லிய பனிக்கட்டியின்மேல் பனி பெய்து ஈரமேறிக் கூழாகும்போது, கீழேயுள்ள அந்த வெப்ப நீர் ஏதேனும் ஒரு துளை வழியாக மேலேறிப் பரவுகிறது. எந்தப் பக்கம் சிறிது வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கத்தை அது கூடுதலாக உருக்குகிறது, கூடுதலாக உருகிய வழியில் மேலும் நீர் பாய்கிறது, கிளைகள் நீளுகின்றன. பாடத்தில் மனப்பாடம் செய்த 4 டிகிரி இங்கே கண்ணுக்குத் தெரியும் வடிவமாக நிற்கிறது. அதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

விளக்கம் எழுதினால் படத்தின் அழகு குறைந்துவிடும் என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் விவசாயியாக வாழ்ந்த வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து 1885இல் பனித்துகளைப் படம்பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட துகள்களை எடுத்த அவர், வானிலைக் குறிப்புகளையும் விடாமல் எழுதிவைத்தார். ஜப்பானில் உகிசிரோ நகாயா 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்து, வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறும்போது படிகத்தின் வடிவமும் மாறுவதைக் காட்டினார். இவர்களுடைய படங்களின் அழகை அந்தக் குறிப்புகள் எவ்விதத்திலும் குறைக்கவில்லை.

எடுத்த முறையையும் கலைஞர்கள் தெரிவித்தால் நன்று. போலரைசிங் ஃபில்டர் பொருத்தி மேற்பரப்பின் பளபளப்பை நீக்கினால் உள்ளிருக்கும் குமிழும் விரிசலும் தெரியும்; அது இல்லாமல் எடுத்தால் அதே இடத்தில் வானத்தின் பிரதிபலிப்பே மேலோங்கும். கேமரா தானாகக் கணக்கிடும் ஒளியளவுக்கு விட்டுவிட்டால் வெண்பனி சாம்பல் நிறமாகப் பதியும் என்பதால் ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். தடித்த பனிக்கட்டி சிவப்பொளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் இயல்பாகவே நீலமாகத் தோன்றும். ஆனால் அச்சில் வந்த நீலத்தில் எவ்வளவு ஏரியினுடையது, எவ்வளவு கணினியில் ஏற்றியது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களும் உண்மைப் படங்களும் கலந்து உலவும் இக்காலத்தில் இது அவசியமாகிறது.

இதே கோரிக்கை எங்கள் மலைக்கும் பொருந்தும். இங்கே ஏரிகள் உறைவதில்லை. ஆயினும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்கி, புல்லின்மேல் நீராவி நேரடியாகப் படிகமாகப் படிகிறது. மிகக் குளிர்ந்த விடியலில் முற்றத்துப் பாத்திரத்து நீர்மேல் மெல்லிய ஏடு கட்டுவதும் உண்டு. அதில் ஓடும் ஊசிக் கோடுகள் தங்கள் பக்கத்தில் வந்த எந்தப் படத்துக்கும் இளைத்தவை அல்ல. ஆனால் மூணாறின் உறைபனிப் படங்கள் ஆண்டுதோறும் “தென்னகக் காஷ்மீர்” என்ற தலைப்போடு மட்டுமே வருகின்றன. 2019 ஜனவரியில் சுற்றுவட்டார எஸ்டேட்கள் சிலவற்றில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கித் தேயிலை கருகியது. கொழுந்து கருகினால் கொழுந்து எடுப்பவர்களின் வேலையும் வருமானமும் குறையும். வெண்பனி படர்ந்த தேயிலைச் சரிவின் படத்துக்குக் கீழே இச்செய்தியும் இடம்பெறுவதுதான் முறை.

மற்றொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். இப்படங்களைப் பார்த்து லடாக்குக்கும் சிக்கிமுக்கும் குளிர்காலப் பயணம் போகும் நம் இளைஞர்கள் உறைந்த ஏரியின்மேல் இறங்கத் துணிகிறார்கள். ஒருவர் நடப்பதற்கே தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பனி கலந்து வெளுத்த கட்டிக்கு அதில் பாதி வலிமையே உண்டு. ஓர் ஏரியில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும் என்பதால், உள்ளூர் மக்களையும் அதிகாரிகளையும் கேளாமல் இறங்கக்கூடாது என்ற எச்சரிக்கையை அத்தகைய பக்கத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது இடம், மாதம், பரப்பின் அளவு, நிறத்தில் செய்த மாற்றம் ஆகியவற்றோடு உருவான காரணத்தையும் இரண்டு மூன்று வரிகளில் சேர்க்குமாறும், அளவு புரிவதற்காக இலையோ நாணயமோ அருகில் வைத்து எடுத்த படம் ஒன்றையாவது கலைஞர்களிடம் கேட்டுப் பெறுமாறும் வேண்டுகிறேன். வரும் குளிர்காலத்தில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் எஸ்டேட் மக்கள் தங்கள் கைப்பேசியில் எடுக்கும் உறைபனிப் படங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவற்றுக்குரிய அறிவியல் விளக்கத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தேவிகுளம், இடுக்கி மாவட்டம், கேரளம்.